பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே

அயர்லாந்துக் குடியரசின் கொடியை முதன்முறையாகக் காணும் நம்மவர், நம் நாட்டுக் கொடியையே யாரோ பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருக்கின்றனர் என்று மயங்குவதுண்டு. நம் மூவண்ணத்தை ஒத்த பச்சை, வெள்ளை, ஆரஞ்சு ஆகிய மூன்று நிறங்களே அங்கும் உள்ளன. நம் கொடியில் அவை குறுக்குப் பட்டைகளாகப் படுத்திருக்க, அவர்கள் கொடியில் நெடும் பட்டைகளாக நிற்கின்றன. கம்பத்தை ஒட்டிப் பச்சை, நடுவில் வெள்ளை, வெளியோரத்தில் ஆரஞ்சு. சக்கரம் இல்லை. ஒற்றுமை தற்செயலானதுதான். ஆயினும் அந்த நடுப்பட்டையின் வெண்மைக்கு அயர்லாந்து மக்கள் கொடுத்துள்ள விலையை அறிந்துகொள்வது, சிறுபான்மையினராய் வாழும் இந்நாட்டுக் கத்தோலிக்கராகிய நமக்குப் பயன் தருவதாகும்.

அந்நாடு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1842-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து பெண்மக்களுக்குப் பள்ளி திறந்த பிரசன்டேஷன் கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அக்காலத்தில் சென்னைத் திருச்சபையை வழிநடத்திய ஜான் பெனலி, அவருக்குப்பின் அவர் தம்பி ஸ்டீபன் பெனலி ஆகிய ஆயர்களும் அந்நாட்டவரே. மறைபரப்புக்கு இத்துணை மக்களை அனுப்பிய நாடு தன் அரசைக் கட்டியெழுப்பியபோது மறைக்கு எந்த இடத்தைக் கொடுத்தது, பிற சபையாருக்கு எந்த இடத்தைக் கொடுத்தது என்பதே இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்கவிருக்கும் செய்தி.

கொடியிலிருந்தே தொடங்குவோம். பச்சை, கத்தோலிக்கப் பெரும்பான்மையினரின் நிறம். ஆரஞ்சு, ஆரஞ்சுக் குலத்து வில்லியம் மன்னரை நினைவூட்டும் நிறம். அவர் 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்தவர். அவ்வெற்றிக்குப் பின் கத்தோலிக்கர்மீது கொடுஞ்சட்டங்கள் சுமத்தப்பட்டன. நிலம் வாங்கவும், பள்ளி நடத்தவும், பாராளுமன்றத்தில் அமரவும் அவர்கள் தடுக்கப்பட்டனர். வடக்கே அல்ஸ்டர் பகுதியில் வாழும் புராட்டஸ்டாண்டு மக்கள் இன்றும் சூலைத் திங்கள் 12-ஆம் நாள் ஆரஞ்சுப் பட்டை அணிந்து அவ்வெற்றியைக் கொண்டாடுகின்றனர். எனவே அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஒருவருக்கு ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்ட துரும்பாக இருந்திருக்க வேண்டும்.

அந்த நிறத்தைத் தம் நாட்டுக் கொடியில் வைத்தவர் ஒரு கத்தோலிக்க இளைஞர் என்பதே வியப்பு. தாமஸ் பிரான்சிஸ் மார் என்பது அவர் பெயர். 1848 மார்ச் 7-ஆம் நாள் வாட்டர்போர்டு நகரில் அவர் இக்கொடியை முதன்முதல் ஏற்றினார். அடுத்த மாதம் பிரான்சு நாட்டுப் புரட்சியைக் கண்டு திரும்பியபின் டப்ளின் நகரில் அதை மக்கள் முன் வைத்தார். ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் இடையே நிலைத்த சமாதானம் உண்டு என்பதற்கு வெண்மை அடையாளம் என்று அவரே விளக்கமும் கூறினார். நாட்டிலோ அப்போது உருளைக்கிழங்குப் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவ்வாண்டே அவர் எழுச்சியில் ஈடுபட்டுப் பிடிபட்டார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. தாஸ்மேனியத் தீவிலிருந்து தப்பி அமெரிக்கா சென்று, அங்கே உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக விளங்கி, 1867-இல் மிசௌரி ஆற்றில் விழுந்து மாண்டார். தாம் ஏற்றிய கொடி நாட்டுக் கொடியாகுமென்பதை அவர் காணவில்லை.

1916-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிற்றை அடுத்த திங்கட்கிழமை டப்ளின் தலைமை அஞ்சலகத்தின்மேல் கிளர்ச்சியாளர் இக்கொடியைப் பறக்கவிட்டனர். அன்று முதல் அது மக்கள் உள்ளத்தில் இடம் பிடித்தது. 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 7-ஆம் விதி, நாட்டுக் கொடி பச்சை, வெள்ளை, ஆரஞ்சு ஆகிய மூவண்ணமே என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எனினும் பாட்டிலும் பேச்சிலும் பலர் அந்த மூன்றாம் நிறத்தைப் பொன்னிறம் என்றே சொல்லி வந்திருக்கின்றனர். இது சிறு பிழைபோலத் தோன்றும். ஆரஞ்சைப் பொன்னாக்கிவிட்டால் புராட்டஸ்டாண்டு சகோதரருக்குக் கொடியில் இருந்த பங்கே மறைந்துபோகும். வெண்மையும் எவரோடு எவருக்குச் சமாதானம் என்ற பொருள் இழந்து வெறுந்துணியாகும். ஆதலால் இச்சொல்லில் விழிப்பாய் இருப்பவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

அரசின் இலச்சினை யாழ். யாழை மறந்துபோன தமிழராகிய நமக்கு இது சற்றுப் பொறாமை தரும் செய்தி! டப்ளினில் டிரினிட்டிக் கல்லூரியில் பாதுகாக்கப்படும் மிகப் பழைய யாழ் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு இவ்விலச்சினை வரையப்பட்டது. பியர் வடிக்கும் கின்னஸ் நிறுவனமும் யாழையே தன் வணிகக் குறியாக 1876-இல் பதிவு செய்துகொண்டது. அரசின் யாழும் அந்நிறுவனத்தின் யாழும் எதிரெதிர்ப் பக்கம் நோக்கியிருப்பதைக் கொண்டு வேறுபாடு காணலாம். நாணயங்களிலும் யாழே. 1928-இல் புதிய நாணயங்கள் வெளிவந்தபோது ஒரு பக்கம் யாழும் மறுபக்கம் குதிரை, சால்மன் மீன், எருது, வேட்டைநாய், முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி, காட்டுப்பறவை ஆகியனவும் பொறிக்கப்பட்டிருந்தன. வடிவங்களைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் கவிஞர் யேட்ஸ். புனிதர் ஒருவர் உருவமேனும் இல்லையே, இவை அஞ்ஞானியர் காசுகள் என்று கத்தோலிக்கர் சிலர் அன்று வருந்தி எழுதினர். நமக்கோ அந்தக் கோழியும் குஞ்சுகளும் பிடித்திருக்கின்றன. ஏழை உழவன் மனையில் அன்றாடம் சோறிடும் உயிர்களைக் காசில் பொறித்ததில் மறைக்கு என்ன இழுக்கு? புனித பத்திரிசியார் மூவொரு கடவுளை விளக்கக் கையில் எடுத்ததாகச் சொல்லப்படும் மூவிலைக் கீரை மக்களின் உடையிலும் விழாவிலும் இருக்கிறது. அதற்குச் சட்டம் ஏதும் தேவைப்படவில்லை.

இனி அரசியலமைப்புச் சட்டம். 1921-இல் தீவு இரண்டாகப் பிரிந்தது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனுடன் நின்றன. எஞ்சிய இருபத்தாறு மாவட்டங்கள் அவ்வாண்டு உடன்படிக்கையின்படி தன்னாட்சி பெற்றன. உடன்படிக்கையை ஏற்றோரும் ஏலாதோரும் 1922, 1923 ஆண்டுகளில் உடன்பிறந்தார் என்றும் பாராமல் ஒருவரையொருவர் கொன்று குவித்தனர். அப்போரில் தோற்ற அணியின் தலைவரான டி வலேரா, 1932 தேர்தலில் வென்று அமைதியாக ஆட்சிக்கு வந்தார். வென்றவர்கள் தோற்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு எழுந்து போனதே அந்நாட்டு மக்களாட்சிக்குக் கால்கோள் என்போம். அவர் இயற்றுவித்த அரசியலமைப்புச் சட்டத்தை 1937 சூலை 1-ஆம் நாள் மக்கள் வாக்களித்து ஏற்றனர். ஆதரித்தோர் ஏறத்தாழ 6,85,000 பேர். எதிர்த்தோர் ஏறத்தாழ 5,27,000 பேர். அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. குடியரசு என்ற பெயர் 1949 ஏப்ரல் 18-ஆம் நாள், உயிர்ப்பு விழாவை அடுத்த திங்களன்று, சட்டப்படி நிலைபெற்றது.

இச்சட்டத்தின் முகவுரை மகா பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது. மதத்தைப் பற்றிய 44-ஆம் விதியோ அன்று பெரும் வழக்கிற்கு இடமாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையே ஒரே உண்மைத் திருச்சபை என்று சட்டத்தில் எழுதவேண்டும் என்பது ஆயர்கள் சிலரின் விருப்பம். டி வலேரா நாள்தோறும் திருப்பலி காணும் கத்தோலிக்கர். ஆயினும் அவ்வாறு எழுத அவர் இசையவில்லை. பெரும்பான்மை மக்கள் அறிக்கையிடும் விசுவாசத்தின் காவலர் என்ற முறையில் கத்தோலிக்கத் திருச்சபையின் ‘சிறப்பு நிலையை’ அரசு ஏற்றுக்கொள்கிறது என்று மட்டும் எழுதினார். அதையடுத்து ஆங்கிலிக்கன் சபை, பிரெஸ்பிட்டேரியர், மெத்தடிஸ்டுகள், குவேக்கர்கள் ஆகியோரையும், யூத சமயக் கூட்டத்தாரையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டார். செருமனியில் நாசிகள் யூதரின் குடியுரிமையைப் பறித்து இரண்டே ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்க. எந்த மதத்திற்கும் அரசு மானியம் வழங்காது, மதத்தின் பொருட்டு எவரையும் வேறுபடுத்தாது என்பனவும் அதே விதியில் இடம்பெற்றன. இந்த வரைவை எடுத்துக்கொண்டு உரோமைக்குத் தூதர் சென்றார். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஒப்புதலும் தரவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. மௌனம் காப்பதாகத் தெரிவித்தார். அந்த மௌனத்திலேயே டி வலேரா தம் வழியைக் கண்டுகொண்டார்.

ஆட்சி அமைப்பைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். குடியரசுத் தலைவர், கீழவை, மேலவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர்களுடைய பாராளுமன்றம். பிரதமரை ‘டீஷக்’ என்று தம் பழமொழியாம் ஐரிஷ் மொழியிலேயே அழைக்கின்றனர். தலைவன் என்று பொருள். மேலவையின் 60 உறுப்பினரில் 11 பேரைப் பிரதமரே நியமிக்கிறார். நம் மாநிலங்களவையில் குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கும் முறைக்கு இதுவே முன்மாதிரி. அயர்லாந்துக் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக் காலம் ஏழு ஆண்டுகள். இரு முறைக்குமேல் பதவி வகித்தல் இயலாது. அதிகாரம் குறைவு, மதிப்பு மிகுதி. 2025 நவம்பரில் பதவியேற்ற கேத்தரின் கானலி பத்தாம் தலைவர்; அப்பதவிக்கு வந்த மூன்றாம் பெண்மணி.

கீழவைத் தேர்தல் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். 2024 நவம்பர் தேர்தலில் 43 தொகுதிகளிலிருந்து 174 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு தொகுதிக்கு ஒருவர் அல்லர். மூவர் முதல் ஐவர் வரை. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டு வருவதில்லை. தாம் முதலில் விரும்புபவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று வரிசையிட்டு எழுதுகிறார். நான்கு இடங்கள் உள்ள தொகுதியில் மொத்த வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கைவிட ஒன்று கூடுதலாகப் பெற்றவர் வென்றவராகிறார். அவருக்குத் தேவைக்குமேல் விழுந்த வாக்குகள் வாக்காளரின் அடுத்த விருப்பத்திற்கு மாற்றப்படும். யாரும் வெல்லாத சுற்றில் கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவர் வாக்குகளும் அவ்வாறே மாற்றப்படும். எண்ணிக்கை சில நாள் நீள்வதுமுண்டு. நம் நாட்டில் குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினரையும் தேர்ந்தெடுப்பதற்குக் கையாளப்படும் மாற்று வாக்கு முறை இதுவே. அவர்கள் அதைப் பொதுமக்கள் கையில் கொடுத்திருக்கின்றனர்.

இவ்வளவு சிக்கலான முறை எதற்கு? தெற்கில் சிதறி வாழ்ந்த புராட்டஸ்டாண்டு சிறுபான்மையினர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுவிடாமல் தங்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம் பெறவேண்டும் என்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு மக்கள் ஒரு மனத்தோடு நின்றால் நான்கில் ஓரிடத்தை எவராலும் அவர்களிடமிருந்து பறிக்க முடியாது. பெரிய கட்சிகளுக்கு இது வசதிக் குறைவு. எனவே 1959-இல் டி வலேரா இம்முறையை நீக்கிவிட முயன்று பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். அதே நாளில் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். மக்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்; அவர் கேட்டதை மறுத்துவிட்டனர்! 1968-இல் அவருடைய கட்சி மீண்டும் முயன்றது. அப்போது இன்னும் உறுதியாக மறுத்தனர். தலைவனிடம் அன்பு வைத்தல் வேறு, தங்களுக்கும் தங்கள் அயலாருக்கும் உரிய உரிமையை அவனிடம் எடுத்துக் கொடுத்துவிடுதல் வேறு என்பதை அம்மக்கள் தெரிந்து வைத்திருந்தனர்.

ஆயினும் சட்டம் தந்த இடத்தை மனம் தர நெடுங்காலம் ஆயிற்று. இதற்கு இரண்டு அடக்கச் சடங்குகள் சான்று.

முதல் குடியரசுத் தலைவராக 1938-இல் எல்லாக் கட்சிகளும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது டக்ளஸ் ஹைட் என்பவரை. அவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவின் மகன். அழிந்துவந்த ஐரிஷ் மொழியை மீட்பதற்கு 1893-இல் கழகம் கண்ட அறிஞர். 93 விழுக்காட்டினர் கத்தோலிக்கராயிருந்த நாடு ஒரு புராட்டஸ்டாண்டு அறிஞரை முதல் தலைவராக்கியது பெருமைக்குரிய செயலே. 1949 சூலையில் அவர் இறந்தார். டப்ளினில் ஆங்கிலிக்கன் சபைக்குரிய புனித பத்திரிசியார் பேராலயத்தில் அடக்கச் சடங்கு நடந்தது. கத்தோலிக்கரான பிரதமரும் அமைச்சர்களும் பேராலயத்தின் வெளியே தங்கள் மோட்டார் வண்டிகளில் அமர்ந்து காத்திருந்தனர். உள்ளே செல்லவில்லை. பிற சபையாரின் வழிபாட்டில் கலந்துகொள்ளல் ஆகாது என்பது அந்நாளைய ஒழுங்கு. தக்க காரணம் இருப்பின், வழிபாட்டில் பங்கு பெறாமல் மரியாதைக்காக அடக்கச் சடங்கில் உடனிருக்கலாம் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே சிறு வாயில் ஒன்று திறந்து வைத்திருந்தது. அயர்லாந்தில் அவ்வாயிலும் அன்று பயன்படவில்லை. சவப்பெட்டியின்மீது போர்த்தப்பட்டிருந்தது அந்த மூவண்ணக் கொடியே எனில், அதன் வெள்ளைப் பட்டை அன்று பேராலயத்தின் வாயிற்படியில் அறுந்து கிடந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, எர்ஸ்கின் சில்டர்ஸ் என்பவருடையது. இவருடைய தந்தையார், அதே பெயர் கொண்டவர், இங்கிலாந்தில் பிறந்தும் அயர்லாந்து விடுதலைக்குத் தம்மை ஒப்படைத்த புராட்டஸ்டாண்டு. உள்நாட்டுப் போரில் டி வலேரா அணியில் நின்றதற்காக 1922 நவம்பர் 24-ஆம் நாள் அயர்லாந்து அரசினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இறப்பதற்கு முன் பதினாறு வயது மகனை அழைத்து, தமக்குச் சாவுத் தண்டனை விதிக்கக் கையெழுத்திட்ட ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கைகுலுக்க வேண்டும் என்று வாக்குறுதி வாங்கினார். தம்மைச் சுட வந்த வீரர்களோடும் அவர் கைகுலுக்கினார். அந்த மகன் வளர்ந்து, அமைச்சராகி, 1973 மே திங்களில் கத்தோலிக்கப் போட்டியாளர் ஒருவரைத் தோற்கடித்து, மக்கள் வாக்கினால் குடியரசுத் தலைவரானார். பதினெட்டுத் திங்கள் முடியுமுன் 1974 நவம்பரில் மாரடைப்பால் மாண்டார். அதே பத்திரிசியார் பேராலயத்தில் அடக்கச் சடங்கு. ஆனால் இம்முறை கத்தோலிக்கத் தலைவர்கள் வெளியே காத்திருக்கவில்லை. முதியவரும் கண்பார்வை குன்றியவருமான டி வலேராவும் உள்ளே வந்து அமர்ந்திருந்தார். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி, பிரிந்த சகோதரரோடு உறவாடுதல் பற்றி 1964-இலும், மனச்சான்றின் உரிமை பற்றி 1965-இலும் ஏடுகள் வெளியிட்டிருந்தது.

இவ்விரண்டு சடங்குகளுக்கும் இடையில்தான் ‘சிறப்பு நிலை’ என்ற சொற்றொடரும் சட்டத்திலிருந்து நீங்கியது. வடக்கில் 1969 முதல் இரத்தம் சிந்தத் தொடங்கிவிட்டது. தெற்கோடு சேர்ந்தால் உரோமையின் ஆட்சிக்குட்பட வேண்டிவரும் என்று அஞ்சிய வடபுலத்துப் புராட்டஸ்டாண்டுகள், அச்சத்திற்குச் சான்றாக இவ்விதியைச் சுட்டிக்காட்டினர். அவ்வாண்டே அர்மாக் பேராயர் கர்தினால் வில்லியம் கான்வே, அவ்வுட்பிரிவுகள் மறைந்தால் தாம் கண்ணீர் சிந்தப் போவதில்லை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். 1972 டிசம்பர் 7-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. 84 விழுக்காட்டினர் நீக்கலாம் என்று வாக்களித்தனர். ஒரு கத்தோலிக்க நாட்டின் மக்கள், தங்கள் ஆயர்களின் நல்லெண்ணத்தோடு, தங்கள் திருச்சபைக்குச் சட்டம் அளித்திருந்த மேலிடத்தைத் தாங்களே எடுத்து வைத்துவிட்ட நிகழ்ச்சி வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று. முகவுரையில் திரித்துவத்தின் பெயர் மட்டும் இன்றளவும் நிற்கிறது.

இங்கே நம் நாட்டோடு தொடர்புள்ள செய்தி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1937 சட்டத்தின் 45-ஆம் விதி சமுதாயக் கொள்கைக்கு வழிகாட்டும் நெறிகளைக் கூறுகிறது. இவற்றை வைத்து வழக்காட முடியாது. ஆனால் சட்டம் இயற்றுவோருக்கு இவை விளக்காக அமைய வேண்டும். நம் அரசியலமைப்புக்கு ஆலோசகரான பி. என். ராவ் 1947-இல் டப்ளின் சென்று டி வலேராவைக் கண்டு பேசித் திரும்பினார். நம் சட்டத்தின் நான்காம் பகுதியிலுள்ள வழிகாட்டு நெறிகள் அங்கிருந்து பெறப்பட்டவை. சமுதாயத்தின் பொருள்வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொதுநலத்திற்கு உகந்தவாறு பங்கிடப்பட வேண்டும் என்னும் நம் 39-ஆம் விதியின் வாசகம் ஏறத்தாழ அப்படியே அயர்லாந்துச் சட்டத்தில் இருக்கிறது. அவ்விதியை எழுதியோர் எங்கிருந்து எடுத்தனர்? திருத்தந்தையர் 1891-இலும் 1931-இலும் தொழிலாளர் நிலைபற்றியும் சமுதாய ஒழுங்கு பற்றியும் விடுத்த சுற்றுமடல்களின் கருத்துகளே அதன் பின்னணி. சிறப்பு நிலை தந்த வரிகள் முப்பத்தைந்து ஆண்டில் மறைந்தன. பெயரும் பட்டமும் இன்றி ஏழைக்காகப் பேசிய வரிகளோ கடல் கடந்து, கத்தோலிக்கர் நூற்றுக்கு இருவரும் இல்லாத நாட்டின் சட்டத்தில் வேரூன்றிவிட்டன.

சிறப்பு நிலையை நீக்கியதனால்தான் அயர்லாந்தில் விசுவாசம் தளர்ந்தது என்று கூறுவோர் நம்மிடையேயும் உளர். நாட்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சொற்றொடர் நீங்கி ஏழாண்டுகள் கழித்து, 1979 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் நிறைவேற்றிய திருப்பலிக்குப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கூடினர். அந்நாளில் நாட்டின் மொத்த மக்கள் தொகை 34 இலட்சத்தை எட்டவில்லை. வன்முறை காரணமாக அவர் வடக்கே அர்மாக் செல்ல இயலாமற்போயிற்று. எல்லைக்கு இப்பால் திரொகெடா நகரில் நின்று, ஆயுதம் ஏந்தியவர்களை முழந்தாளிட்டுக் கெஞ்சுவதாகக் கூறினார். அவர்கள் அன்று கேட்கவில்லை.

தளர்ச்சிக்கு வேறு காரணம் உண்டு. குருக்களும் துறவியரும் நடத்திய விடுதிகளில் ஏழைச் சிறார் பல்லாண்டுக் காலம் பட்ட கொடுமைகளை 2009-ஆம் ஆண்டு அரசு விசாரணை அறிக்கைகள் வெளிக்கொணர்ந்தன. அவற்றை மூடி மறைத்த மேலோரும் இருந்தனர். 2010 மார்ச்சில் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அந்நாட்டு மக்களுக்கு மடல் எழுதினார். 2018 ஆகஸ்டில் அதே பீனிக்ஸ் பூங்காவில் திருத்தந்தை பிரான்சிஸ், திருப்பலியின் தொடக்கத்திலேயே குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்பு வேண்டினார். அதற்கு மூன்று மாதம் முன்பு கருவிலுள்ள குழந்தையைக் காத்த விதியை 66 விழுக்காட்டினர் வாக்களித்து நீக்கியிருந்தனர். அது நம் நெஞ்சைப் புண்படுத்தும் முடிவே. ஆனால் யாருடைய சொல்லைக் கேட்க அம்மக்கள் பழகியிருந்தனரோ அவர்களுடைய சொல் ஏன் செல்லாக் காசாயிற்று என்று வினவாமல் அவர்களைமட்டும் பழிப்பது நீதியன்று. 2022 கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று எழுதியோர் 69 விழுக்காடு. இத்தனைக்கும் பின்னர், 2024 மார்ச்சில் திருமணத்தின்மேல் நிற்பது குடும்பம் என்னும் வாசகத்தையும், இல்லத்தில் தாய் ஆற்றும் பணியைப் போற்றும் வாசகத்தையும் மாற்ற அரசு வாக்கு கேட்டபோது, முன்னதை 67 விழுக்காட்டினரும் பின்னதை 73 விழுக்காட்டினரும் மறுத்துவிட்டனர். மறுத்தவர் அனைவரும் ஆயர்களைப் பின்பற்றி மறுத்தவர் அல்லர்; காரணங்கள் பல. அம்மக்களை எந்தப் பக்கமும் எளிதாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது என்பது தெளிவு.

வெண்மைக்கு வருவோம். 1998 ஏப்ரல் 10-ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 3,500 உயிர்களைக் குடித்த போருக்கு முடிவு கட்டும் உடன்படிக்கை அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் கையெழுத்தாயிற்று. அதற்குக் குடியரசு கொடுத்த விலை சிறிதன்று. தீவு முழுவதும் தன் நிலம் என்று 1937 முதல் சட்டத்தின் 2, 3 விதிகள் முழங்கி வந்தன. அவ்வுரிமையைக் கைவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் பெரும்பான்மை மக்கள் மனமொப்பினாலன்றித் தீவு ஒன்றாகாது என்று எழுதிக்கொள்ள மே 22-ஆம் நாள் மக்களிடம் வாக்கு கேட்கப்பட்டது. 94 விழுக்காட்டினர் இசைந்தனர். வடக்கில் 71 விழுக்காட்டினர் உடன்படிக்கையை ஏற்றனர்.

எனினும் தம் பெயரால் ஆரஞ்சு நிறம் தாங்கிய கொடியை வடக்கின் புராட்டஸ்டாண்டுகள் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயுதம் தாங்கிய குழுவினர் தம் தோழரின் சவப்பெட்டிகளின்மேல் அதைப் போர்த்தி வந்ததை அவர்கள் மறக்கவில்லை. சூலை 12-க்கு முந்தின இரவு மூட்டும் பெருந்தீக்களில் சிலவிடங்களில் இன்றும் அக்கொடி எரிகிறது.

நாட்டுப் பண்ணும் அவ்வாறே. 1907 அளவில் பீடர் கர்னி எழுதிய போர் வீரர் பாட்டு அது. 1926-இல் நாட்டுப் பண்ணாயிற்று. ஆங்கிலத்தில் பிறந்த பாட்டை இப்போது ஐரிஷ் மொழிபெயர்ப்பிலேயே பாடுகின்றனர். ரக்பி ஆட்டத்திற்கு வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அணியை அனுப்புவது வழக்கம். போர்ப்பாட்டை வடக்கின் ஆட்டக்காரர் எப்படிப் பாடுவர்? ஆகவே 1995-இல் ‘அயர்லாந்தின் அழைப்பு’ என்று புதுப்பாட்டு ஒன்று செய்துகொண்டனர். வெளிநாட்டில் ஆடும்போது அதை மட்டும் பாடுகின்றனர். டப்ளினில் ஆடும் நாளில் இரண்டும் உண்டு. முதற்பாட்டின்போது வடக்கிலிருந்து வந்த ஆட்டக்காரர் சிலர் வாய் திறவாமல், ஆனால் வரிசை கலையாமல் நிற்பர். பக்கத்தில் நிற்பவர் பாடி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த பாட்டை அவரோடு தோள்மேல் கைபோட்டுப் பாடுவர்.